என் கோட்டைக்கு வந்த காவல்

ரௌத்திரி வருடம், ஆனி 4

இன்று உடன்படிக்கையில் முத்திரை வைத்தேன். செம்பாறைக் கோட்டை மங்கைபாகத் தேவனாகிய நான், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுய புத்தியோடு வைத்தேன். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பின்னால் எவனாவது வாய்க்கு வந்ததைப் பேசுவான்.

மேற்கே கூவானூர்க் கோட்டையில் இருக்கும் சடையத் தேவன் என் பங்காளி. என் பாட்டனாருக்குத் தம்பி வழி. இருபது வருடமாக என் சிம்மாசனத்தின் மேல் கண். நான் செத்தேன் என்று சேதி போனால் அன்றைக்கே பாயசம் வைப்பான். அவனிடமிருந்து என்னைக் காக்க வெள்ளைக்காரர்கள் ஒரு பட்டாளத்தை இங்கே நிறுத்துவார்கள். அதன் செலவுக்குக் கீழைக் கண்மாய்ப் பாசனத்து ஊர்களை விட்டுக்கொடுத்திருக்கிறேன். மற்ற ராஜாக்களுக்கு நான் எழுதும் கடிதம் இனிமேல் அவர்கள் பட்டாளத்துத் தலைவனான கப்பித்தான் கை வழியாகப் போகும். நான் முத்திரை வைத்து வேண்டுகோள் எழுதினால் பட்டாளம் புறப்படும். என் சொந்தப் படை அறுநூறு பேரும் என்னிடமே இருப்பார்கள். இந்தக் கடைசி ஷரத்தை நானே அடித்துப் பேசி வாங்கினேன். அவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

சபையில் எல்லோரும் வாழ்த்தினார்கள், தளவாய் ஒருவனைத் தவிர. தளவாய் உய்யக்கொண்டான் என் மனைவி பர்வத நாச்சியாருக்கு அண்ணன். அறுநூறு பேரும் அவன் சொல்லுக்குத்தான் எழுந்து நிற்பார்கள். அவன் நடுச்சபையில் சொல்கிறான்:

"பங்காளி வந்தா வெட்டி விரட்டிப்புடலாம் மகாராஜா. இவுகள வரச்சொல்லிட்டா, எப்படிப் போகச் சொல்லுவீக?"

"பயமா இருந்தா வீட்டுல இருங்க மச்சான்" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துப்போனது.

பத்து வருடத்துக்கு முன் மேலக்கரைச் சண்டையில் எனக்குக் காலில் அடிபட்டபோது முதுகில் தூக்கி வந்தான். வாஸ்தவம். அதற்காக ஆயுள் முழுவதும் என் தலைமேல் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

ஆனி 21

பட்டாளம் வந்து கண்மாய்க் கரையில் கூடாரம் போட்டது. கப்பித்தான் பெயர் ஆர்வுட். இருபத்தாறு வயது இருக்கும். வெயிலில் முகம் தோலுரிந்து கிடக்கிறது. செருப்போடு சபைக்குள் வந்தான். நான் பார்க்காததுபோல் இருந்தேன். அவன் பேசுவதை நமக்குச் சொல்ல துபாஷி ஒருவன், தெய்வநாயக முதலி, பட்டணத்து ஆள். கப்பித்தான் ஒரு வார்த்தை சொன்னால் இவன் ஒன்பது வார்த்தை சொல்கிறான். ஒன்பதிலும் தேன்.

எனக்கு மரியாதையாகப் பீரங்கி வெடித்தார்கள். பட்டத்து யானை மிரண்டு தேர்க்கொட்டகைத் தூணைப் பிடுங்கிவிட்டது. கொட்டகையைச் சரிசெய்ய ஆள் விட வேண்டும். கடைவாய்ப் பல் வேறு தெறிக்கிறது. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

ஆடி 9

கூவானூர்க் கள்ளப் பயல்கள் மேற்கு எல்லையில் புகுந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சரி, பட்டாளத்தின் லட்சணத்தைப் பார்க்கலாம் என்று வேண்டுகோள் எழுதி முத்திரை வைத்து அனுப்பினேன். துபாஷி வந்தான்.

"கப்பித்தான் துரை பட்டணத்துப் பெரிய துரைமாருக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. பதில் வர ஒரு மாசம் ஆகுங்க."

"மாடு அதுவரைக்கும் அங்க நின்னுக்கிட்டே இருக்குமா?"

"மகாராஜா தமாஷா பேசறீங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவன் தலைப்பாகையைத் தட்டிவிட்டிருப்பேன். அதற்குள் உய்யக்கொண்டான் அறுபது பேரோடு போய், பொழுது சாய்வதற்குள் மாடுகளை மீட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஊரே வாசலில் நின்று குலவை போட்டது. எனக்கு இல்லை, அவனுக்கு.

மறுபடி துபாஷி வந்தான். நேசநாட்டைக் கேட்காமல் ஆயுதம் எடுத்தது உடன்படிக்கைக்கு விரோதம் என்று கப்பித்தான் என்னைக் கண்டித்திருக்கிறானாம். என்னை. நான் உய்யக்கொண்டானைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். கேட்காமல் போனது தப்புதானே? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

பர்வதம் சோறு வைத்தாள். வைத்ததும் உள்ளே போய்விட்டாள்.

ஆடி 25

மழை. கரையில் சிப்பாய்களுக்குக் காய்ச்சல். பட்டாளத்தைக் கோட்டைக்குள் வரவழைத்து வடக்கு வாசல் காவலைக் கொடுத்தேன். "என் வேண்டுகோளின்படி" என்று எழுதித்தரச் சொன்னார்கள். எழுதித் தந்தேன்.

ஆவணி 2

நாவிதன் அம்பலக்கூத்தன் என்னைக் காயப்படுத்தாத குறைதான். கத்தி கழுத்தில் இருக்கும்போது மெதுவாகச் சொல்கிறான்:

"மகாராஜா கோவிச்சுக்கக் கூடாது. கூவானூருக்கும் நாந்தானே சவரத்துக்குப் போறேன். அங்கயும் சிவப்புச் சட்டை வந்து இறங்கிருச்சு. ஒங்க கிட்டருந்து காப்பாத்தத்தான் வந்துருக்காகன்னு அந்த மகாராஜா சொல்லிக்கிட்டு இருக்காக."

பொய். சடையன் அனுப்பிய பொய். என்னை வெள்ளைக்காரர்களிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறான். நாவிதனை இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று விரட்டினேன். பாதி முகத்தில் தாடி நிற்கிறது. பரவாயில்லை.

சடையனுக்கு நேராக ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அது கப்பித்தான் கை வழியாகத்தான் போக வேண்டும். எழுதவில்லை.

ஆவணி 19

கப்பித்தான் அறுநூறு பேரையும் கலைக்கச் சொல்கிறான். பட்டாளம் இருக்கும்போது தனிப்படை எதற்கு, வீண் சந்தேகம்தானே வளரும் என்று துபாஷி பல்லைக் காட்டுகிறான். முடியாது என்றேன். ஷரத்து இருக்கிறது என்றேன். மங்கைபாகன் உயிரோடு இருக்கும்வரை அந்த அறுநூறு பேரில் ஒருவன் கையிலிருந்தும் வேல் இறங்காது என்றேன். துபாஷி அதைக் குறித்துக்கொண்டு போனான்.

இதைப் பர்வதத்திடம் சொன்னேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் முகம் பார்த்துச் சிரித்தாள். "அண்ணன்கிட்டயும் இதச் சொல்லுங்க" என்றாள். அவனிடம் நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? அவனே கேள்விப்படட்டும்.

புரட்டாசி 8

நவராத்திரி மும்முரம். கோட்டை நாச்சியம்மன் கோயிலுக்குப் பந்தல் போட்டாயிற்று. ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. கோட்டையில் உள்ள வாள், வேல், துப்பாக்கி அனைத்தும் அம்மன் மண்டபத்தில் அடுக்கப்படும். மறுநாள் விஜயதசமியன்று நான் என் வாளை மட்டும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் அம்பு போட்டுத் திரும்ப வேண்டும். அதுவரை எவனும் ஆயுதம் தொடக் கூடாது. தொட்டால் வம்சம் அழியும் என்பது ஐதீகம். அந்த ஒரு நாளும் மண்டபக் காவல் தளவாய் குடும்பத்துக்குப் பரம்பரை மரியாதை. எனக்கு அடுத்த பரிவட்டம் அவனுக்குத்தான் கட்டுவார்கள்.

இன்று கோயில் பட்டர், மிராசுதார், ஊர்ப் பெரியவர்கள் இத்தனை பேர் முன்னால் உய்யக்கொண்டான் கேட்கிறான்: "வடக்கு வாசல்ல நம்ம ஆளுகளையே சோதனை போட்டு உள்ள விடுறானுக. இது யாரு கோட்டை மகாராஜா?"

தனியாக வந்து கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் என் மூக்கை அறுத்தான். "இந்த வருஷம் மண்டபக் காவலும் ரெண்டாம் பரிவட்டமும் கப்பித்தான் துரைக்கு" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்த்தபோது, உள்ளதை எழுதுகிறேனே, இனித்தது.

பட்டர் கையைப் பிசைந்தார். உய்யக்கொண்டான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனான்.

புரட்டாசி 14

ஆயுத பூஜை நன்றாக நடந்தது. அறுநூறு பேரும் வரிசையாக வந்து ஆயுதங்களை வைத்தார்கள். கப்பித்தான் தலையில் பரிவட்டம் நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. சிப்பாய்கள் துப்பாக்கியோடு மண்டபத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் ஆயுதத்தையும் வைக்க வேண்டாமா என்று பட்டர் கேட்டார். வெறுங்கையோடு எப்படிக் காவல் காப்பது என்று துபாஷி கேட்டான். நியாயமாகத்தான் பட்டது.

சுண்டலில் உப்பு அதிகம்.

புரட்டாசி 15

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் அம்பு போட்டேன். அறுநூறு பேரும் வழக்கப்படி வெறுங்கையோடு என் பின்னால் வந்தார்கள். திரும்பி வந்தால் மண்டபக் கதவு பூட்டியிருக்கிறது. வாசலில் பீரங்கி ஒன்று, வாய் எங்களைப் பார்த்து. துபாஷி கையைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"கலகம் வரும்னு துரைக்குச் சேதி வந்திருக்குங்க. ஆயுதமெல்லாம் பத்திரமா எங்க கிட்டயே இருக்கட்டும். மகாராஜா பாதுகாப்புக்குத்தான்."

நான் கையில் வாளோடு நிற்கிறேன். மொத்தக் கோட்டையில் எங்களுக்கென்று இருந்த ஒரே வாள் அது. உய்யக்கொண்டான் என் காதோடு பேசினான். நாலு மாதத்துக்குப் பிறகு மாப்பிள்ளை என்றான்.

"ஒரு வார்த்த சொல்லுங்க மாப்பிள்ளை. வெறுங்கையோடயே உள்ள பாஞ்சிர்றோம். பாதிப் பேரு சாவோம், மீதிப் பேரு கதவ ஒடச்சிருவோம்."

"பொறுங்க மச்சான். பட்டணத்துக்கு எழுதுறேன்" என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. "எழுதுங்க" என்று மட்டும் சொன்னான். சாயங்காலம் எண்பது பேரைக் கூட்டிக்கொண்டு கள்ளிமேட்டுக் காட்டுக்குப் போய்விட்டான்.

மண்டபக் காவலை அவர்களுக்குக் கொடுத்தது யார் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. பர்வதம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

புரட்டாசி 22

ஆயுதம் இல்லாத ஆட்களுக்குச் சம்பளம் எதற்கு என்கிறான் கப்பித்தான். மீதி ஐந்நூற்று இருபது பேரையும் கலைக்கும்படி வேண்டுகோள் எழுதினேன். அதாவது, அவன் எழுதிக் கொண்டுவந்தான், நான் முத்திரை வைத்தேன். பட்டணத்துக்கு நான் எழுதிய கடிதம் என்ன ஆனது என்று கேட்டேன். கப்பித்தான் மேஜையில் இருக்கிறதாம்.

ஐப்பசி 10

காட்டுப் பாதையில் பட்டாளத்து வண்டிகளை உய்யக்கொண்டான் மடக்கித் துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். சண்டையில் இரண்டு சிப்பாய்கள் செத்தார்கள். கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. துபாஷி முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி 18

கப்பித்தான் இன்று மரியாதையாகப் பேசினான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நான் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தான். தளவாய் தானாக வந்தால் பட்டாளம் அவனை விசாரிக்காதாம். இது என் ராஜ்யம், நீதி என்னுடையது, அதில் தலையிட அவர்களுக்கு உரிமை இல்லையாம். உடன்படிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. படித்துக் காட்டினான்.

மனம் குளிர்ந்துபோனது. நானே விசாரிப்பேன். நானே விடுவேன். நாலு பேர் பார்க்க ஒரு அபராதம் போட்டு, ஊருக்கு அனுப்பிவிடுவேன்.

நான் எழுதினால் வரமாட்டான், பர்வதம் எழுதினால் வருவான். அவளிடம் போனேன். எழுத்தாணியை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"எங்க அண்ணன் உசுருக்கு நீங்க பொறுப்பா?"

"நாந்தான் நீதிபதி. என்ன மீறி யாரு அவரத் தொடுவா?"

"பொறுப்பான்னு கேட்டேன்."

"பொறுப்பு" என்றேன்.

எழுதினாள். இரண்டே வரி.

ஐப்பசி 24

வந்துவிட்டான். ஆயுதம் இல்லாமல், ஒற்றை ஆளாக, நடந்து வந்தான். இளைத்திருக்கிறான். கால் முழுக்க முள்கீறல். தங்கையைப் பார்க்க வேண்டும் என்றான். அதற்குள் சிப்பாய்கள் வடக்கு வாசல் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விசாரணை வரைக்கும்தான் என்றார்கள்.

ஐப்பசி 27

விசாரணை. நான் சிம்மாசனத்தில். கப்பித்தான் பக்கத்தில் ஒரு நாற்காலியில், பார்வையாளனாக. உய்யக்கொண்டான் எதையும் மறுக்கவில்லை. "நாங்க எடுத்தது, அவுக எங்க கிட்ட இருந்து எடுத்ததுக்குப் பதிலுதான்" என்றான். நான் தீர்ப்பை நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

பின்னாலேயே துபாஷி வந்தான். குரலில் தேன் இல்லை.

"மகாராஜா விடுதலை பண்ணினீங்கன்னா, கலகத்துல உங்களுக்கும் பங்கு இருக்குன்னு துரை எழுத வேண்டிவரும். அப்புறம் செம்பாறைக் கோட்டைக்கு வேற வாரிசு பார்ப்பாங்க. கூவானூர் மகாராஜா இருக்காங்க. அவங்களும் முதல்ல முரண்டு பிடிச்சவங்கதான். இப்ப நல்ல மாதிரி ஆயிட்டாங்க."

நாவிதன் சொன்னது பொய்யில்லை. சடையன் கோட்டை வாசலிலும் இதே பட்டாளம். என்னைக் காட்டி அவனை மிரட்டி, அவனைக் காட்டி என்னை மிரட்டி, இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் முத்திரை வைத்திருக்கிறோம். அந்தச் சடையப் பயலும் இப்படித்தான் எங்கேயோ உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். இருபது வருடத்தில் இன்றைக்குத்தான் அவனைத் திட்ட வாய் வரவில்லை.

"நீதி என்னுதுன்னு சொன்னீகளே" என்றேன்.

"உங்களுதுதாங்க. அதான் கையெழுத்தும் உங்களுது."

ஐப்பசி 28

பல் வலி. வேறு எழுதுவதற்கு இல்லை.

ஐப்பசி 29

தீர்ப்பை வாசித்தார்கள். நான் சபைக்குப் போகவில்லை. உய்யக்கொண்டான் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு என்ன?" என்று விசாரித்தானாம். பல் வலி என்று சொல்லியிருக்கிறார்கள்.

கார்த்திகை 3

இன்று காலை வடக்கு வாசலுக்கு வெளியே மைதானத்தில் என் மச்சானைத் தூக்கில் போட்டார்கள். தீர்ப்பில் இருப்பது என் கையெழுத்து, என் முத்திரை. பயந்தேன். சிம்மாசனம் போய்விடும் என்று பயந்து போட்டேன். இந்தப் பயத்தை எங்காவது ஒரு இடத்திலாவது எழுதிவைக்க வேண்டும்.

மூன்று நாளைக்கு உடலை இறக்கக் கூடாது என்பது கப்பித்தான் சேர்த்த ஷரத்து. ஊர் பார்த்துப் பயப்பட வேண்டுமாம்.

பர்வதம் தலைவிரி கோலமாகக் கிளம்பினாள். தோழிகளைக் கூட வர வேண்டாம் என்றாள். அரண்மனையிலிருந்து வடக்கு வாசல் வரை வெறுங்காலோடு நடந்தாள். அவள் பின்னால் நான் ஓடினேன். இந்தக் கோட்டையில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை.

வாசல் சாத்தியிருந்தது. என்னைக் கண்டதும் பத்துச் சிப்பாய்களும் விறைத்து நின்று துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே நிறுத்தினார்கள். ராஜ மரியாதை. குறை சொல்ல முடியாத மரியாதை.

"கதவத் திற" என்றேன்.

அந்தப் பத்துப் பேருக்கும் தலைவனான அவல்தார் திருச்சிராப்பள்ளிப் பக்கத்து ஆள். நரைத்த மீசை. "மகாராஜா வெளியே போக இன்னைக்கு உத்தரவு இல்லீங்க. பாதுகாப்புக்காகத்தான்" என்றான்.

"இது என் கோட்டை. நான் சொல்றேன், திற."

மறுபடி ஒரு சலாம் வைத்தான். கதவைத் திறக்கவில்லை.

பர்வதம் என் பக்கம் திரும்பினாள். ஐப்பசி பதினெட்டுக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசினாள். "நீங்க தள்ளி நில்லுங்க" என்றாள்.

பிறகு அவனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். என் மனைவி, ஒரு அவல்தாரை. "ஐயா, நான் ராணின்னு கேக்கல. அங்க தொங்குறவருக்குக் கூடப்பொறந்தவ. எறக்கி வாய்க்கரிசி போடணும்யா. எங்க அம்மா இல்ல. நாந்தான் இருக்கேன்."

அவல்தார், கப்பித்தான் இருந்த திசையை ஒரு தரம் பார்த்தான். பிறகு பெரிய கதவுக்குள் இருந்த சின்னத் திட்டிவாசலின் தாழ்ப்பாளைத் தானே நீக்கினான். அவள் குனிந்து வெளியே போனாள்.

நானும் குனிந்தேன். அவன் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். மரியாதையாகத்தான் பிடித்தான்.

"மகாராஜா உள்ளதான் இருக்கணும்ங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே அவள் குரல் எழுந்தது. அழுகை இல்லை, யாரையோ ஏணி கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பார்த்தபடி நின்றேன். நான் நகரும் வரை சிப்பாய்கள் துப்பாக்கியை இறக்கக் கூடாது என்பது அவர்கள் விதியாம். வெயில் ஏறி அவர்கள் கைகள் நடுங்க ஆரம்பித்தன. நான் நகரவில்லை.